வாக்கிங்கில் நாய் நம்மைப் பார்ப்பதில்லை

எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். என்னைப் போலவே நாய் வளர்ப்பவன். காலையும் மாலையும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான், மழையானாலும் விடமாட்டான். ஆனால் போகும்போதெல்லாம் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒலிப்புத்தகம், இல்லையென்றால் இரண்டு பேர் உட்கார்ந்து அரசியல் பேசும் நிகழ்ச்சி. நாயோடு நடக்கும்போது இயர்போனைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நாள் இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. பாவம், அதற்கு மீதி நேரமெல்லாம் வீடுதான், வெளியே வருவது இந்தக் கொஞ்ச நேரம்தான், அதிலாவது நாம் அதோடு இருக்க வேண்டாமா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சரிடா, நீ அதையே பாத்துக்கிட்டு நடக்குற. அது உன்னைப் பாக்குதா?"

பதில் வரவில்லை. ஏனென்றால் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும்போது என் நாய் சிட்டு என்னை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தால் அவளும் எழுவாள், செருப்பு இருக்கும் பக்கம் தலையைத் திருப்பினாலே காது நிமிரும். கழுத்தில் கயிறு மாட்டிக் கதவைத் திறந்துவிட்டேன் என்றால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குத் தெரிவது முதுகும் வாலும் மட்டுமே. தெருவில் அவளுக்கு ஆயிரம் வேலை. நான் அந்த வேலைகளில் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, நான் முழுக் கவனம் கொடுக்கிறேனா, பாதிக் கவனம் கொடுக்கிறேனா என்பது அவளுக்கு எந்த வகையில் முக்கியம்? இந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னை விடவில்லை. "நாய்க்கு நம் நேரம்தான் பரிசு" என்கிற மாதிரி வாசகங்கள் எதற்கும் இதற்குப் பதில் சொல்லும் தெம்பு கிடையாது.

நம் கவனம் எங்கே இருக்கிறது என்பது நாய்க்குத் தெரியாது என்று அவன் சொல்லியிருந்தால் எளிதாக மறுத்திருப்பேன். நன்றாகவே தெரியும். ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தின்பண்டத்தைத் தரையில் வைத்து, தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு, ஆள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் நாய் பெரும்பாலும் அடங்கியிருந்தது. ஆள் முதுகைக் காட்டினாலோ, கண்ணை மூடிக்கொண்டாலோ, கணினி விளையாட்டில் மூழ்கினாலோ அதிகமாக எடுத்துத் தின்றது. நாய் வளர்க்கும் யாருக்கும் இதில் வியப்பு இருக்காது. அப்புறம் 2017இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 நாய்களை வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார்கள். ஆள் தன் பக்கம் திரும்பியிருக்கும்போது நாய்கள் முகத்தை அதிகமாக அசைத்தன, புருவத்தை உயர்த்தின. ஆள் திரும்பிக்கொண்டால் அது குறைந்தது. கையில் தீனி இருக்கிறதா இல்லையா என்பது அந்த அளவை மாற்றவில்லை.

ஆனால் இதெல்லாம் ஓர் அறைக்குள், எதிரும் புதிருமாக இருக்கும்போது நடந்தவை. நடைபாதையில் நாய் நமக்கு முன்னால் போகிறது, அல்லது பக்கத்தில் குனிந்த தலையோடு வருகிறது. நாம் அதன் தலைக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறோம். அந்த நேரத்தில் நாம் அதை ரசிக்கிறோமா, போனில் செய்தி படிக்கிறோமா என்று அது கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. இந்த இடத்தில் நண்பன் சொன்னதுதான் சரி.

மூக்கின் வேலை

நாய் தெருவில் எதைப் பார்க்கிறது என்று கேட்பதே கொஞ்சம் தப்பான தொடக்கம். கண்ணும் வேலை செய்கிறது, நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் செய்தி பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் வருகிறது. மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50 லட்சத்தை ஒட்டி இருக்கும் என்பார்கள். நாய்க்கு அது கோடிக்கணக்கில், சில இனங்களில் 20 கோடி, 30 கோடி வரை போகிறது. எண்ணிக்கையை விட எனக்குப் பிடித்தது அதன் மூக்குத் துவாரத்தின் அமைப்பு. பக்கவாட்டில் ஒரு சின்னப் பிளவு இருக்கும். உள்ளே இழுக்கும் காற்று முன்னாலிருந்து போகிறது, வெளியே விடும் காற்று இந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டிலும் பின்னாலும் போய்விடுகிறது. அதனால் புதிதாக வரும் வாசனையை அதன் மூச்சே ஊதித் தள்ளிவிடுவதில்லை. தரையில் இருக்கும் துகள்களைக் கிளப்பிவிட்டு மறுபடி இழுக்கிறது. மும்முரமாக மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை அளவில் இது நடக்கிறது. குனிந்து காது கொடுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். சிட்டு ஒரு மின்கம்பத்தின் அடியில் நிற்கும்போது நான் சில நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேகம் மாறும். ஒரே சீராகப் போய்க்கொண்டிருப்பது திடீரென்று நிற்கும், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. அங்கே ஏதோ ஒன்று அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். என்னவென்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலோர் "வா வா" என்று இழுக்கிறார்கள். காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இழுப்பது இன்னும் வேகமாக நடக்கிறது, ஏனென்றால் கால் ஒரு தாளத்தில் பழகிவிடுகிறது, நின்றால் எரிச்சல் வருகிறது. இழுக்கிறோம் என்பதுகூட இழுப்பவருக்குத் தெரிவதில்லை.

மோப்பம் பற்றி ஒரு சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஷார்லட் டியுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. 20 வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒளித்து வைத்த தீனியை மூக்கால் தேடும் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு ஆளின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டு வாரம் கழித்து, தீனி இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தபோது, மூக்கால் தேடிய நாய்கள் முன்பை விட வேகமாக அதை நோக்கிப் போயின. காலோடு ஒட்டி நடந்தவற்றில் அந்த மாற்றம் இல்லை. நல்லதே நடக்கும் என்கிற எதிர்பார்ப்பு கூடியிருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்கிறார்கள். நியாயமான சோதனைதான். ஆனால் இதை வைத்து, தெருவில் மோப்பம் பிடிக்க விட்டால் நாய் மகிழ்ச்சியாகிவிடும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது என்று எழுதுவது கொஞ்சம் அதிகம். அங்கே நடந்தது தீனி தேடும் விளையாட்டு. நம் தெருவின் மின்கம்பம் அதில் இல்லை. நான் சிட்டுவை நிற்க விடுவதற்கு அந்தச் சோதனை காரணமில்லை. அவள் வெளியே வந்ததே அதற்குத்தான் என்பது அவள் உடம்பிலேயே தெரிகிறது.

ஆனாலும் இதெல்லாம் நண்பனின் கேள்விக்குப் பதிலாகாது. அவனும் நிற்க விடுகிறான். அவன் நாய் கம்பத்தை மோந்துகொண்டிருக்கும்போது அவன் கதை கேட்டுக்கொண்டு நிற்கிறான். இருவருக்கும் நஷ்டமில்லை என்கிறான்.

வாய் மூடியது

ஒரு மாலை. இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் இரண்டு பேர் உரசாமல் நடக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு சந்து. சிட்டு எனக்கு இரண்டு அடி முன்னால், வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, உடம்பைத் தளர்த்தி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தாள். திடீரென்று வாயை மூடினாள். நடை நிற்கவில்லை, வால் மாறவில்லை, காதுகூட அப்படியேதான் இருந்தது. வாய் மட்டும் மூடியது. மூச்சு வாங்கும் சத்தம் நின்றதால்தான் நான் அதையே கவனித்தேன் என்று நினைக்கிறேன். எதிரே பார்த்தேன், சந்து காலியாக இருந்தது. அவளுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்கிறது. இரண்டு எட்டு வைத்திருப்போம், அப்போதுதான் எனக்கும் கேட்டது, திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நகம் தரையில் உரசும் சத்தம். இன்னொரு நாய் வருகிறது, பெரிய நாய்.

அந்த இடைவெளியில் எனக்குக் கிடைத்தது மூன்று நான்கு நொடி இருக்கும். சந்தின் நடுவில் ஒரு வீட்டு வாசல் உள்வாங்கியிருந்தது. கயிற்றை இழுக்காமல், "வாடி இந்தப் பக்கம்" என்று சாதாரணமாகச் சொல்லி அதற்குள் ஒதுங்கினேன். அவளும் வந்தாள். திருப்பத்தில் ஒரு பெரிய கறுப்பு நாய் வந்தது, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா பின்னால் வந்தார். "தேங்க்ஸ் தம்பி, இவன் நேருக்கு நேர் பாத்தா விடமாட்டான்" என்றார் நடந்துகொண்டே. சிட்டு தரையை மோந்தாள், தலையைத் திருப்பி உதட்டை ஒரு தடவை நக்கினாள். கறுப்பு நாய் கடந்து போனதும் உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினாள், நனைந்த நாய் உலுக்குமே, அந்த மாதிரி. வாய் மறுபடி திறந்தது.

நடந்தது அவ்வளவுதான். சண்டை இல்லை, குரைப்பு இல்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நண்பனின் கேள்விக்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

அவிழ்த்துவிட்ட இரண்டு நாய்கள் திறந்தவெளியில் சந்திப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேராக முகத்துக்கு முகம் வராது. ஒன்று கொஞ்சம் வளைந்து வரும், இன்னொன்று தலையைத் திருப்பிக்கொள்ளும், வேகத்தைக் குறைக்கும், சும்மா தரையை மோந்து பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் அதே வளைவில் தள்ளிப் போய்விடும். இந்தச் சின்ன அசைவுகளை நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் விரிவாகப் பட்டியலிட்டிருக்கிறார்: உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, பார்வையைத் திருப்புவது, வளைந்து நடப்பது. கழுத்தில் கயிறு ஏறியவுடன் இந்தப் பட்டியலில் பாதி கிழிந்துவிடுகிறது. வளைந்து போக இடமில்லை, வேகத்தைத் தானாகக் குறைக்க முடியாது, தள்ளிப் போகவே முடியாது. மனிதர்கள் நடைபாதையில் நேர்க்கோட்டில் நடக்கிறவர்கள், அதனால் இரண்டு நாய்களையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்துவது நாம்தான். அப்புறம் அது குரைத்தால் நாய்க்குக் கோபம் ஜாஸ்தி என்கிறோம்.

ஆகவே அவள் என்னைப் பார்க்கிறாளா என்பதில் விஷயம் இல்லை. எங்கே போவது, எப்போது நிற்பது, எதிலிருந்து விலகுவது என்கிற மூன்று முடிவையும் அவளிடமிருந்து நான் வாங்கி என் கையில் சுற்றி வைத்திருக்கிறேன். போக்குவரத்து உள்ள உலகத்தில் வேறு வழியும் இல்லை, கயிறு தேவைதான். ஆனால் முடிவை வாங்கிக்கொண்டவன் தகவலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவளுக்குத் தெரிகிறது, அவளால் எதுவும் செய்ய முடியாது. என்னால் செய்ய முடியும், எனக்குத் தெரியாது. வாய் மூடிய அந்த நொடியைப் பார்த்தால்தான் இந்த இரண்டும் சேரும். நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்ப சந்துல மட்டும் கழட்டி வைக்கிறேன்" என்றான். கேலியாகத்தான் சொன்னான், ஆனால் அது அவ்வளவு மோசமான யோசனை இல்லை என்று எனக்குப் பிறகு தோன்றியது.

கவனம் என்ற பெயரில் நச்சரிப்பு

ஏனென்றால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. முழுக் கவனம் கொடுக்கிறேன் பேர்வழி என்று நாயைப் பாடாய்ப் படுத்துபவர்களையும் பார்க்கிறேன். இரண்டு எட்டுக்கு ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, "இங்க பாரு, என்னைப் பாரு" என்று தீனி நீட்டுவது, அது எதையாவது மோந்தால் உடனே குனிந்து "என்ன அங்க, என்ன அங்க" என்று விசாரிப்பது. நாம் நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் "என்ன போட்டிருக்கு?" என்று கேட்கிறவரைப் போல. என்னைப் பார் என்று பழக்குவது சாலையைக் கடக்கும்போது, ஆபத்தான நேரத்தில் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் நடை முழுக்க அதையே செய்தால் அங்கே நாய்தான் நமக்குக் கவனம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் கொடுக்கவில்லை.

இன்னொரு வகை, காவல்காரர்கள். தூரத்தில் ஒரு நாயின் வாலைப் பார்த்தவுடன் கயிற்றைச் சுருக்கிச் சுருக்கிக் கையில் சுற்றிக்கொள்வார்கள். கவனம் என்னவோ முழுசாக இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாய்க்கு அது கழுத்தில் ஓர் இறுக்கமாகப் போய்ச் சேர்கிறது. எதிரில் நாய் வரும்போதெல்லாம் கழுத்து இறுகினால், இறுகும்போதெல்லாம் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று அது கற்றுக்கொள்ளும். கண்ணில் பட்டது கைக்கு இறங்கக் கூடாது, காலுக்கு இறங்க வேண்டும். அதாவது இழுக்காமல் நாம் முதலில் திசை மாற வேண்டும். சொல்வதற்கு எளிது, கை சொன்னபடி கேட்க ரொம்ப நாள் பிடிக்கும்.

கையில் சுற்றிக்கொள்வது என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் 2001 முதல் 2020 வரை கயிற்றில் கட்டிய நாயோடு நடக்கும்போது காயப்பட்டு அவசர சிகிச்சைக்குப் போன பெரியவர்கள் 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் அதிகம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டார்கள். அதில் அதிகமாகக் கண்டது விரல் எலும்பு முறிவு. தலையில் அடி, தோள்பட்டை சுளுக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்கள் கையில் போன் இருந்ததா என்று அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம்.

எதைக் கவனிக்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. நடையைப் பார்ப்பேன். முன்காலில் வலி இருக்கிற நாய், அந்தக் கால் தரையில் படும்போது தலையைக் கொஞ்சம் தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். கால்நடை மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இந்தத் தலையாட்டலைத்தான். வீட்டுக்குள் நாலு எட்டு நடப்பதில் இது தெரியாது, ஒரே சீராகக் கொஞ்ச தூரம் நடந்தால்தான் தெரியும். வெயில் நாளில் கிளம்புவதற்கு முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்ப்பேன். ஏழு நொடி தாங்கவில்லையென்றால் அவள் பாதமும் தாங்காது, திரும்பிவிட வேண்டியதுதான். மலம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன், எடுத்துப் போடுகிற வேலை நம்முடையது என்பதால் அதிலிருந்து தப்பவும் முடியாது. இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சிகூட உண்டு. செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களைப் பின்தொடர்ந்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காக நின்று மலம் கழிப்பதை விரும்புகின்றன என்று 2013இல் எழுதினார்கள். அடுத்த வருடம் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. வாக்கிங்கில் நான் போனை வெளியே எடுத்தது திசைகாட்டியைத் திறந்து இதைச் சரிபார்க்கத்தான். சிட்டு எந்தத் திசைக்கும் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை. காந்தப்புலம் அமைதியாக இல்லாத நாளாக இருந்திருக்கலாம்.

மற்றபடி என் மனசும் அலையத்தான் செய்கிறது. பழகிய நீண்ட தெருவில், யாரும் இல்லாத நேரத்தில், அவள் ஒரே சீராக ஓட்டநடை போடும்போது நான் அலுவலக விஷயத்தை யோசித்துக்கொண்டு போகிறேன். அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது. தியானம் மாதிரி ஒவ்வொரு நொடியும் நாயிலேயே கரைந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அப்படி நடக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். திருப்பம், வாசல், சாலை, அவள் தானாக நிற்கும் இடம், அவள் மூச்சின் சத்தம் மாறும் இடம், அங்கே மட்டும் நான் திரும்பி வந்துவிட வேண்டும். திரும்பி வருவதற்குக் காது திறந்திருக்க வேண்டும். அதனால் போன் திரையை விட இயர்போன்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. திரையைப் பார்க்கிறவன் சலிப்பு வந்தால் நிமிர்ந்துவிடுவான். காதை அடைத்துக்கொண்டவனுக்கு நிமிர வேண்டிய நேரம் வந்ததே தெரியாது. நகம் உரசும் சத்தம் அவனுக்குக் கேட்கப் போவதில்லை.

போன மாதம் ஊருக்குப் போக வேண்டி வந்தபோது அண்ணன் மகனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனேன். முன்பெல்லாம் யாரிடமாவது கொடுத்தால் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று சொல்வேன். இந்தத் தடவை வழியெல்லாம் சொல்லவில்லை. அவள் வாய் மூடினால் நிமிர்ந்து பார், ஒதுங்க இடம் தேடு, அவள் நின்றால் இழுக்காதே என்று மட்டும் சொன்னேன். இரவு போன் செய்தான். எந்த நாயும் வரவில்லையாம், வாயெல்லாம் திறந்தேதான் இருந்ததாம். ஆனால் குரலில் கடுப்பு. "சித்தப்பா, ஒரே செவுத்துகிட்ட எவ்வளவு நேரந்தான் நிக்கிறது? கால் வலிக்குது. நாளைக்கும் அங்கயேதான் நிப்பாளா?"